எதிரே ஆள் வந்தால்

சுகிர்தா விழவில்லை. அன்றைக்கு யாருக்கும் விளங்காமல் போனது அதுதான்.

மாநிலத் தேர்வுப் போட்டி. சென்னையில் ஓர் உள்விளையாட்டு அரங்கம். ஆள் மார்பு உயரத்தில் நீண்டு கிடக்கும் ஒரு கட்டையின் மேல் அவள் நின்றிருந்தாள். கட்டையின் அகலம் உள்ளங்கை அளவுக்கு மேல் இராது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுகிறவர்கள் அதைப் பீம் என்பார்கள். அதன் மேல் தாவ வேண்டும், பின்னால் வளைந்து கையூன்றிப் புரள வேண்டும், ஒற்றைக் காலில் நின்று முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் கீழே விழுந்தால் ஒரு மதிப்பெண் போய்விடும். ஒரு மதிப்பெண் போனால் போட்டியே போன மாதிரிதான்.

புரளல் முடிந்திருந்தது. தாவலும் முடிந்திருந்தது. இனி அந்தச் சுற்று மட்டும். கைகளை விரித்து நிமிர்ந்தாள். அப்போது அரங்கத்தின் மறு கோடியிலிருந்து, பீமுக்கு நேர் எதிரே, பரிசு கொடுக்க வந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நடந்து வந்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வந்தவர். சுகிர்தா இறங்கினாள். தடுமாறவில்லை, சறுக்கவில்லை. ஒரு காலை எடுத்து வெளியே வைத்து, மெத்தையில் குதித்து, தலையைத் தாழ்த்தி ஓரமாக நின்றாள். அவர் பீமைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி ஏறினாள்.

நடுவர்கள் விழுந்ததாகவே போட்டார்கள். வேண்டுமென்று இறங்குகிறவர்களுக்கு விதிகளில் தனி இடம் இல்லை.

பயிற்சியாளர் ஞானசுந்தரி, சத்தம் போடுவதில் பேர்போனவர். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. உடை மாற்றும் அறைக்கு வெளியே சுகிர்தாவை நிறுத்தி, "நீ விழல. எனக்குக் கண்ணு இருக்கு. நீயா இறங்கின. ஏன்?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்."

"பயந்தியா?"

"இல்ல மேடம்."

"அந்த ஆளு உனக்குத் தெரிஞ்சவரா?"

"யாருன்னே தெரியாது மேடம்."

ஞானசுந்தரி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "யாருன்னே தெரியாத ஆளுக்கு ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுகிர்தாவுக்கு அப்போது வயது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் அது பெண்பிள்ளை வயது இல்லை, பாட்டி வயது. அடுத்த ஆண்டுத் தேர்வையும் விட்டால் அவ்வளவுதான். அதில் தேறினால் மாநில அணியில் தேசியப் போட்டிக்குப் போகலாம். அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து அதுவரைக்கும் எந்தப் பெண்ணும் இந்த விளையாட்டில் அங்கே போனதில்லை. போனதில்லை என்ன, இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அங்கே பல பேருக்குத் தெரியாது.

அவள் ஊர் உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் போகும் பாதையில், ஏரியை ஒட்டி இருக்கிறது. அப்பா வேதகிரி வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா மலர்க்கொடி நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிறவள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சுகிர்தாவுக்குச் சின்ன வயதில் கிடைத்த ஆடுகளம் மற்றவர்களின் வைக்கோல் போர்தான். அதன் உச்சியிலிருந்து கரணம் அடித்துக் கீழே வந்து விழுவாள். போர் கலைந்துபோகிறதென்று திட்டு விழும். அவள் அடுத்த போருக்குப் போய்விடுவாள்.

உத்திரமேரூரில் பள்ளிப் பிள்ளைகளை ஓடவிட்டும் தாண்டவிட்டும் சென்னை விளையாட்டு விடுதி ஒன்றுக்கு ஆள் எடுத்தபோது, ஓட்டத்தில் அவள் கடைசிக்கு முந்தினவளாக வந்தாள். தன் வேலை முடிந்ததென்று மணல் குழியில் தலைகீழாக நடந்துகொண்டிருந்தவளிடம் ஒரு பெண்மணி, "இன்னொரு தடவை செய்" என்றார். அந்தப் பெண்மணிதான் ஞானசுந்தரி.

ஊரில் பேச்சு கிளம்பியது. டீக்கடையில் ஒருவர் வேதகிரியைக் கேட்டார். "கரணம் போடக் கத்துக்கத்தான் பொண்ண மெட்ராஸ் அனுப்புறியா? அப்ப கவுறும் கம்பும் வாங்கிடு. மோளம் யாரு அடிக்கிறது?"

வேதகிரி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நீதான் சும்மா குந்திக்கினு கீறியே. நீயே அடி."

சுகிர்தா விடுதிக்குப் போனாள். வீட்டு இட்லிக்கு ஏங்கி அழுதாள், பிறகு அழுகையை விட்டாள். கைத்தோல் உரிந்து காய்த்தது. கணுக்கால் ஒரு தடவை பிசகியது. தரைப் பயிற்சியில் மற்றவர்கள் அளவுக்கு இருந்தாள். கம்பியில் அவர்களைவிடக் கொஞ்சம் மட்டம். பீமில் மட்டும் அவள் வேறு ஆள். முதல் நாளே அதன் மேல் தெருவில் நடப்பதுபோல் நடந்தாள். நகரத்துப் பிள்ளைகள் கால் நடுங்க ஏறி நின்றபோது, இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியம். வரப்பில் நடந்து வளர்ந்த கால். தலையில் தூக்குப் பாத்திரத்தோடு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன கால். மாவட்டப் போட்டியிலும் மண்டலப் போட்டியிலும் அவள் ஜெயித்ததெல்லாம் பீமில்தான்.

அந்தப் பீமிலிருந்துதான் இப்போது தானாக இறங்கியிருந்தாள்.

காரணம் அவளுக்குத் தெரிந்தது கார்த்திகை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது. மழை விட்டிருந்தது. கழனி முழுக்க நீர். களை பறிக்கப் போன அம்மாவுக்குத் துணையாகப் போய்விட்டு, மதியத்துக்கு மேல் இருவரும் வரப்பில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலர்க்கொடியின் தலையில் மாட்டுக்குப் புல்கட்டு.

எதிரே பெண்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்து வரப்புகள் ஓர் ஆள் போகும் அகலம்தான். வேலைக்குப் போகிற பெண்கள் எதிரெதிரே வந்தால் இருவரில் ஒருவரும் இறங்க மாட்டார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி வைத்து, அரைச் சுற்றுச் சுற்றி இடம் மாறிக்கொள்வார்கள். தலையில் சுமை இருந்தாலும் அப்படித்தான். மலர்க்கொடியும் அப்படியே மாறினாள்.

"இன்னா மலரு, பொண்ணு வந்த ஜோர்ல டான்ஸ் ஆடுற?" என்றாள் எதிரே வந்தவள்.

"ஆடாம? அவ மட்டுந்தான் ஆடணும்னு கீதா?"

சிரிப்பு அடங்கவில்லை. அதற்குள் அடுத்த திருப்பத்தில் தினகரன் வந்தார். அந்தக் கழனிகள் அவருடையவை. அவர் அப்பா பச்சமுத்து காலத்துக்கு முன்பிருந்தே அவர்களுடையவை. நாற்பது வயதுக்காரர், நல்ல மாதிரி, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். கையில் செல்போன், காலில் செருப்பு. போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மலர்க்கொடி சேற்றில் இறங்கினாள். முழங்கால் வரை புதைந்தது. புல்கட்டு ஒரு பக்கம் சாய்ந்ததை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

தினகரன் கடந்து போகும்போது, "சுகிர்தா எப்ப வந்தே? டிவில எப்ப காட்டுவாங்க உன்ன?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"சீக்கிரம் வரும்ணா," என்றாள் சுகிர்தா. அவர் போய்விட்டார். அதன் பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். தானும் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று நினைவில்லை. தலை தாழ்ந்திருந்தது.

இருவரும் மேலே ஏறி நடந்தார்கள்.

"ஏம்மா எறங்குன?"

"இன்னாடி கேள்வி?"

"சும வெச்சிக்கினு கீறவங்களுக்குத்தான் வழின்னு நீதானே சொல்லுவ. சும உன் தலமேல கீது. அவரு கையில போனுதான் கீது."

"அவுரு செருப்பு போட்டுக்கினு கீறாரு. பாழாப் பூடும். நம்ம காலு கழுவுனாப் போச்சு."

"அந்தக்கா வந்தப்ப எறங்கலியே."

"அவ தோளப் புடிச்சிக்கினேன்."

"இவரு தோளையும் புடிச்சிருக்கலாமே."

மலர்க்கொடி நின்றாள். புல்கட்டுக்குக் கீழிருந்து மகளைத் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "மெட்ராஸ்ல இன்னா இன்னாவோ கத்துக் குடுக்கிறாங்க போல."

யாரும் அவர்களை இறங்கச் சொன்னதில்லை. இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. இறங்காமல் இருந்து பார்த்தவர்களும் இல்லை. மலர்க்கொடியின் அம்மா இறங்கியிருக்கிறாள், அவளுடைய அம்மாவும் இறங்கியிருக்கிறாள். பாலோடும் கஞ்சியோடும் சேர்ந்து அது சுகிர்தாவின் காலுக்கு வந்துவிட்டது. வரப்பு அவளுக்குப் பீமில் நடக்கச் சொல்லிக் கொடுத்தது உண்மைதான். எதிரே ஆள் வந்தால் இறங்கவும் அதே வரப்புதான் சொல்லிக் கொடுத்திருந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் ஞானசுந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காரியக்காரர். ஐயோ பாவம் என்பதெல்லாம் அவரிடம் இல்லை. "சரி. அப்போ எதிரே ஆளை நடக்கவிட்டுப் பழகுவோம்," என்றார்.

விடுதிச் சமையல்காரர் வெங்கடேசனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டார்கள். சுகிர்தா பீமில் நின்று சுற்றுக்குத் தயாராகும் நேரம், அவர் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும். முதல் தடவை மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் தடவை மேல்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "யாரங்கே?" என்றார். பிள்ளைகள் மெத்தையில் உருண்டு சிரித்தார்கள்.

"மாஸ்டர், சும்மா நடந்தாப் போதும்," என்றார் ஞானசுந்தரி.

"பண்ணையாருன்னா ஒரு இது வேணுமில்ல மேடம். நானும் எப்ப ஆகிறது?"

சுகிர்தா ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஞானசுந்தரி திருப்தியானார். சுகிர்தா ஆகவில்லை. தினமும் சாம்பார் ஊற்றும் வெங்கடேசன் வேட்டி கட்டினாலும் வெங்கடேசன்தான் என்று அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. காலை ஏமாற்ற முடியாது. நிஜமான வரப்பில், நிஜமான ஆள் எதிரே வர வேண்டும்.

தை பிறந்து சில நாளில் ஊருக்கு வந்தாள். அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. கதிர் தலைசாய்க்கும் நேரம். ஏரிப் பக்கத்துத் தாழ்ந்த கழனியில் மட்டும் பின்நடவுப் பயிர். அங்கே இன்னும் தண்ணீர் வற்றவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். சொல்லாமல் செய்வது சரியில்லை என்று நினைத்தாள்.

"இன்னாத்துக்கு இந்த வேல?" என்றாள் மலர்க்கொடி. "நீ நாளைக்கி பஸ் ஏறிப் பூடுவ. நான்தான் அவங்க கயனில குனியணும்."

"நான் ஒண்ணும் சண்ட போடப் போலம்மா. நிக்கப் போறேன், அவ்ளோதான்."

"நிக்கிறதுதான்டி சண்ட."

அம்மா சொன்னது சரி என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. தன் ஒரு சுற்றுக்காக அம்மாவின் வேலையை வரப்பில் வைக்கிறோம் என்பதும் தெரிந்தது. ஆனாலும் போனாள். போகாவிட்டால் அந்தப் பீமில் மறுபடி ஏறுவதில் பொருளில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

காலை வெயிலில் தினகரன் மடை பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். சுகிர்தா எதிரே நடந்தாள். தூரம் குறையக் குறைய இடது பாதம் கூசியது. உள்ளங்கால் தானாகவே வரப்பின் ஓரத்தைத் தேடிப் போனது. விரல்களை மண்ணில் அழுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள்.

தினகரன் காத்திருந்தார். கோபமாக இல்லை. நாம் நடந்தால் வழி காலியாகும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் எப்படிக் காத்திருப்பாரோ அப்படி.

"இன்னா சுகிர்தா?"

"ஒண்ணுல்லண்ணா. அந்தாண்ட போவணும்."

"சரி, போ."

"தோளப் புடிச்சிக்கங்கண்ணா. மாறிக்கலாம்." அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தினகரன் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு கழனியைச் சுற்றிப் பார்த்தார். தூரத்தில் குனிந்து நின்ற பெண்கள் நிமிர்ந்திருந்தார்கள். அவர்களில் மலர்க்கொடியும் இருந்தாள். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, கூச்சம். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு விடை தெரியாத பையனின் கூச்சம்.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா," என்றார்.

அது உண்மை. அவர் கற்றுக்கொள்ள வேண்டி வந்ததே இல்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு தினகரன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, சேற்றில் இறங்கினார். ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

சுகிர்தா நடந்து போனாள். திரும்பிப் பார்த்தபோது அவர் குனிந்து செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். ஜெயித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அவர் தோளைப் பிடித்திருந்தால் இரண்டு பேருமே காய்ந்த காலோடு போயிருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அறுப்புக்கு ஆள் கூப்பிட வந்தவர் மலர்க்கொடி வீட்டைத் தாண்டிப் போனார். சுகிர்தா விடுதியிலிருந்து போன் செய்தால் அப்பாதான் எடுப்பார். "அம்மா வேலயா கீது" என்பார். பின்னணியில் அம்மா யாரையோ திட்டும் குரல் கேட்கும். தாழ்ந்த கழனியில் அறுப்பு இயந்திரம் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, கையால் அறுக்க ஆள் கிடைக்காமல், முன்பு தாண்டிப் போன அதே ஆள் மலர்க்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவளும் போனாள். அதன் பிறகும் போனுக்கு வரவில்லை.

அந்த ஆண்டுத் தேர்வுப் போட்டியில் வெள்ளை வேட்டி யாரும் வரவில்லை. படம் எடுக்க வந்த ஒருவர்தான், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, பீமின் நேர் எதிரே நடந்து வந்து கோடியில் நின்றார். சுகிர்தா அப்போதுதான் சுற்றுக்கு நிமிர்ந்திருந்தாள். இடது பாதம் கூசியது. உள்ளங்கால் ஓரத்தைத் தேடியது. ஒரு கணம் அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது.

அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். அவள் பயின்ற ஆட்டத்தில் அப்படி ஓர் அசைவே இல்லை. நாற்றும் புல்லும் சுமந்து வரும் யாரோ ஒருத்தியின் தோள் அங்கே இருப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு சுற்றினாள். வரப்பில் அரைச் சுற்று போதும். அவள் பாதியில் நிற்காமல் முழுச் சுற்றையும் சுற்றி வந்தாள். கட்டை காலுக்குக் கீழேயே இருந்தது.

இறங்கி வந்தவளை ஞானசுந்தரி முறைத்தார். "கையை ஏன் அப்படி வெச்ச? யாரைக் கட்டிப் பிடிக்கிற? அழகுக்கு மார்க் குறைப்பாங்கன்னு தெரியாது?"

"எதிர்ல ஆள் வந்தாங்க மேடம்."

"வந்தா?"

"மாறிக்கினோம்."

ஞானசுந்தரி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்தார்.

கொஞ்சம் குறைத்தார்கள்தான். ஆனாலும் சுகிர்தா மூன்றாவதாக வந்து அணியில் சேர்ந்தாள். தேசியப் போட்டியில் பதக்கம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறையும் கிடைக்கவில்லை. பத்திரிகையில் குழுப் படத்தில் ஓரத்தில் நிற்கிறாள். இப்போது வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் பயிற்சி கொடுக்கிறாள். அங்கே பீம் ஏறும் பிள்ளைகள் சுற்றுக்கு முன்னால் கையை நீட்டி யார் தோளையோ பிடிப்பார்கள். போட்டிக்கு வருகிற நடுவர்கள் அதற்கு மார்க் குறைக்கிறார்கள். சுகிர்தா அதைத் திருத்துவதில்லை.

அந்தத் தேர்வு நாளன்று, முடிவு சொன்ன பிறகு, அரங்கத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பா எடுப்பார் என்று நினைத்திருந்தாள். எடுத்தது அம்மா.

"வுயுந்தியா?"

"இல்லம்மா."

"எறங்குனியா?"

"இல்லம்மா."

அந்தப் பக்கம் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது கேட்டது.

"நானும் இன்னிக்கி எறங்கல," என்றாள் மலர்க்கொடி. "எதுக்க யாரும் வர்ல. அது வேற விசயம்."